மீட்டர் வாங்குவதா, மீனை ஆய்வகத்துக்கு அனுப்புவதா? கதிர்வீச்சு அலகுகள் ஓர் ஒப்பீடு

மன்னார் வளைகுடாவில் பிடிக்கிற மீனிலும் கரையில் கிடக்கிற மணலிலும் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது என்று நாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. இதே வளைகுடாவின் கரையில் தெற்கே கூடங்குளம் உலைகள் ஓடுகின்றன. 2023 ஆகஸ்ட் 24 அன்று ஜப்பான், ஃபுகுஷிமாவில் தேக்கி வைத்திருந்த நீரைக் கடலில் விடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலிருந்து அமெரிக்கா போன உறைந்த இறாலில் அணு உலைகளில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 கண்டறியப்பட்டு, அதை அனுப்பிய நிறுவனத்தின் இறால் பொட்டலங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இறாலும் கணவாயும் ஏற்றுமதிக்குப் போகிற கரைக்கு இவையெல்லாம் வெளியூர்ச் செய்திகள் இல்லை.

சரி, சோதிப்பது என்று ஒரு சங்கமோ பள்ளியோ முடிவெடுத்தால், கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சட்டைப்பைக் கைகர் கருவியை வாங்கலாம். அது நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்று காட்டும், சி.பி.எம். என்பார்கள். அதைவிடப் பல மடங்கு விலையில், முறையாக அளவுதிருத்தம் செய்த சர்வே மீட்டர் ஒன்றை வாங்கலாம். அது உடம்புக்கு வரும் கதிரளவை மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று காட்டும். மூன்றாவது வழியில் கருவியே வாங்குவதில்லை. மீனைப் பொதி கட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்று அறிக்கை வருகிறது.

பார்த்தால் மூன்று கருவிகளுக்கு இடையிலான தேர்வு போலத் தெரியும். உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது அலகை. ஒவ்வொரு அலகும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. நம் கேள்வி என்ன என்று முதலில் தெளிவாகாவிட்டால் எவ்வளவு நல்ல கருவியும் உதவாது. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ராமநாதபுரம் கரைக்கு முதல் செலவு ஆய்வகத்துக்குத்தான், பெக்கரலுக்குத்தான். மணலுக்காக சர்வே மீட்டர் இரண்டாவது. சி.பி.எம். கருவி பள்ளிக்கூட வகுப்பில் நன்றாகப் பயன்படும். மீனைப் பற்றி முடிவெடுக்க அது வேண்டாம்.

பெக்கரல் எதை எண்ணுகிறது

ஒரு நொடியில் ஒரு அணுக்கரு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். அவ்வளவுதான். 1896-இல் கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கரலின் பெயரை 1975-இல் இந்த அலகுக்கு வைத்தார்கள். மிக மிகச் சின்ன அளவு இது. ராமேஸ்வரத்தில் ஒரு லிட்டர் கடல் தண்ணீரை மொண்டால் அதிலுள்ள பொட்டாசியத்தால் மட்டும் சுமார் 12 பெக்கரல் இருக்கும். கடல் தோன்றிய காலத்திலிருந்தே இருக்கிற இயற்கையான பொட்டாசியம்-40 அது. நம் உடம்பிலும் அதே பொட்டாசியத்தால் நாலாயிரத்துச் சொச்சம் பெக்கரல் எப்போதும் இருக்கிறது. ஆகவே ஒரு செய்தியில் ஆயிரக்கணக்கில், கோடிக்கணக்கில் பெக்கரல் என்று வந்தால் எண்ணின் நீளத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

இதற்கு முன் இருந்த அலகு கியூரி. ஒரு கிராம் ரேடியத்தில் ஒரு நொடிக்கு நடக்கிற சிதைவுகளை ஒட்டி வந்தது. ஒரு கியூரி என்பது 3,700 கோடி பெக்கரல். பெக்கரல் பொடிசு என்றால் கியூரி பூதாகரம். ஃபுகுஷிமா நீரில் ஓர் ஆண்டில் விடலாம் என்று வைத்திருக்கும் டிரிட்டியத்தின் (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்) உச்ச அளவு 22 லட்சம் கோடி பெக்கரல். கியூரியில் சொன்னால் அறுநூறுக்குச் சற்றுக் குறைவு. எடையில் சொன்னால் ஒரு கிராமில் பதினாறில் ஒரு பங்கு. மூன்றும் ஒரே பொருள், ஒரே அளவு. முதல் எண்ணைக் கேட்டவர் வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்திவிடுவார், கடைசி எண்ணைக் கேட்டவர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார். இரண்டுமே தவறான முடிவுகள். எண்ணிலிருந்து உடம்புக்கு வருவதற்கு இன்னும் ஒரு படி இருக்கிறது.

பெயர் இல்லாத பெக்கரல் பயன்படாது

அந்தப் படி, எந்தத் தனிமம் என்ற தகவல். ஏலக் கூடத்தில் வந்து "பத்துப் பெட்டி" என்று மட்டும் சொன்னால் யாரும் விலை கேட்க மாட்டார்கள்; பத்துப் பெட்டி சூடையா, சீலாவா என்று தெரிந்தால்தான் ஏலம் நகரும். பெக்கரலும் அப்படித்தான்.

வயது வந்த ஒருவர் 100 பெக்கரல் சாப்பிட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது டிரிட்டியம் கலந்த நீராக இருந்தால் அவருக்குக் கிடைக்கும் கதிரளவு 0.0018 மைக்ரோசீவர்ட். சீசியம்-137 ஆக இருந்தால் 1.3 மைக்ரோசீவர்ட். பொலோனியம்-210 ஆக இருந்தால் 120 மைக்ரோசீவர்ட். மூன்றிலும் பெக்கரல் அதே நூறுதான். ஆனால் கடைசிக்கும் முதலுக்கும் இடையே அறுபதாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். டிரிட்டியம் வெளிவிடும் பீட்டா கதிர் மிகப் பலவீனமானது, உடம்பிலிருந்து தண்ணீரோடு தண்ணீராகச் சீக்கிரம் வெளியேறிவிடும். பொலோனியம் வெளிவிடுவது ஆல்ஃபா கதிர். வெளியே இருந்தால் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. உள்ளே போனால் தன் முழு ஆற்றலையும் சில செல்களின் அகலத்துக்குள் கொட்டிவிடும்.

பொலோனியத்தை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அணு உலை எதுவும் இல்லாத கடலிலும், மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் வழியாக வரும் கதிரளவில் பெரும்பங்கு பொலோனியம்-210-லிருந்துதான். நிலத்திலிருந்து வெளிவரும் ரேடான் காற்றில் சிதைந்து ஈயம்-210 ஆகிக் கடலில் விழுகிறது, அதிலிருந்து பொலோனியம் பிறக்கிறது, மிதவை உயிரிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன, அவற்றைத் தின்னும் சூடையும் நெத்திலியும் அதைச் சேர்த்துக்கொள்கின்றன. அதிலும் தசையைவிடக் குடலிலும் ஈரலிலும்தான் அதிகம். இது இயற்கை, நம் முன்னோர்கள் சாப்பிட்ட மீனிலும் இருந்தது. இதைக் கேட்டு யாரும் மீன் சாப்பிடுவதை விட வேண்டியதில்லை. ஆனால் கடலில் அணு உலையின் பங்கு எவ்வளவு என்று கேட்கிற ஒருவர், இயற்கையின் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் அதைச் சொல்லவே முடியாது. பெயரோடு கூடிய பெக்கரல் மட்டுமே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். சீவர்ட் காட்டும் மீட்டருக்கு இது பொட்டாசியத்திலிருந்து வந்ததா, சீசியத்திலிருந்து வந்ததா என்று தெரியாது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. உணவுக்கான வரம்புகள் எல்லாம் யாரோ ஒரு சராசரி மனிதர் எவ்வளவு சாப்பிடுவார், அவர் உணவில் எவ்வளவு பங்கு மாசுபட்டிருக்கும் என்ற அனுமானத்தில் போட்டவை. சீசியம்-137-க்கு, சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வழிகாட்டு அளவு கிலோவுக்கு 1,000 பெக்கரல். ஜப்பான் 2012 ஏப்ரலிலிருந்து பொது உணவுக்கு வைத்திருப்பது 100. இரண்டுமே ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (1,000 மைக்ரோசீவர்ட்) என்ற இலக்கிலிருந்துதான் கணக்கிடப்பட்டவை. மாசுபட்ட பங்கு உணவில் பத்தில் ஒன்று என்று கோடெக்ஸ் வைத்துக்கொண்டது, பாதி என்று ஜப்பான் வைத்துக்கொண்டது. தங்கச்சிமடத்திலோ ஏர்வாடியிலோ தினமும் இரண்டு வேளை மீன்குழம்பு வைக்கிற வீடு இந்தச் சராசரிகளில் எதிலும் அடங்காது. பெக்கரல் எண் கையில் இருந்தால் நம் தட்டுக்கு நாமே கணக்குப் போடலாம்.

போட்டுப் பார்ப்போம். அந்த இந்தோனேசிய இறாலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டது கிலோவுக்குச் சுமார் 68 பெக்கரல் சீசியம்-137. அவர்களுடைய நடவடிக்கை வரம்பு 1,200. ஒருவர் தினமும் 150 கிராம், அதாவது ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ, அதே மாசுள்ள இறாலையே சாப்பிட்டால் 3,740 பெக்கரல் உள்ளே போகும், அது 0.05 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு மனிதச் செயல்களால் வரலாம் என்று வைத்திருக்கும் ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். அதில் இருபதில் ஒரு பங்கு. இப்போது அதே 55 கிலோ மீனில் ஒரு பேச்சுக்கு கிலோவுக்கு 10 பெக்கரல் இயற்கைப் பொலோனியம் இருக்கிறது என்று வைத்தால் கிடைப்பது 0.66 மில்லிசீவர்ட். பெக்கரலில் ஏழில் ஒரு பங்கு, கதிரளவில் பதின்மூன்று மடங்கு.

அப்படியானால் இறாலைத் திரும்பப் பெற்றது வீண் வேலையா என்றால், இல்லை. இறாலில் அந்த அளவு சீசியம் இருக்கவே கூடாது. இருந்தால் எங்கோ ஏதோ கசிகிறது என்று பொருள். பின்னர் விசாரித்தபோது உலோகக் கழிவு உருக்கும் ஆலை இருந்த தொழிற்பேட்டைப் பக்கம்தான் அந்த மாசு கண்டுபிடிக்கப்பட்டது. அறிக்கையில் சீசியம் என்ற பெயர் இருந்ததால்தான் அந்தத் தேடலே தொடங்கியது.

குழந்தைகளுக்கான கணக்கு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதே ஒரு பெக்கரல் பொலோனியம் தரும் கதிரளவு பெரியவரைப்போல ஏழு மடங்கு. ஆகவே கணக்கைப் போடும்போது வீட்டில் யாருக்கு என்று கேட்டுவிட்டுப் போடவேண்டும்.

கருவாடும் பாசியும்

ஆய்வக அறிக்கையில் நம் கரைக்கே உரிய இரண்டு இடங்களில் தடுமாற வாய்ப்பிருக்கிறது.

முதலாவது, ஈர எடையா உலர் எடையா என்பது. நாலு கிலோ நெத்திலி காய்ந்து ஒரு கிலோ கருவாடானால், கிலோவுக்கான பெக்கரல் தானாகவே நாலு மடங்காகிவிடும். மீனில் எதுவும் கூடவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. பச்சை மீனுக்கான வரம்பைக் கருவாட்டு எண்ணோடு ஒப்பிட்டால் இல்லாத ஆபத்து தெரியும். மீனை எரித்த பின் மிஞ்சும் சாம்பல் எடைக்கும் உலர் எடைக்கும் கிடைத்த எண்களைக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அறிக்கையில் எந்த எடை என்று எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்கவேண்டும். கருவாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு: பொலோனியம்-210-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 138 நாள்கள். கட்டி வைத்த கருவாட்டில் அது குறைந்துகொண்டே வரும். எனவே மாதிரி எடுத்த தேதியும் அளந்த தேதியும் இரண்டும் வேண்டும்.

இரண்டாவது கடல்பாசி. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் எடுக்கிற மரிக்கொழுந்து, கட்டக்கோரை, மிதவைகளில் வளர்க்கிற கப்பாபைகஸ் எல்லாம் பொட்டாசியத்தைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்பவை. அதனால்தான் பாசிச்சாறு பயிருக்கு உரமாகிறது. ஒரு கிராம் பொட்டாசியத்தில், அது எங்கிருந்து வந்தாலும், சுமார் 31 பெக்கரல் இருக்கும். ஒரு கிலோ காய்ந்த பாசியில் 100 கிராம் பொட்டாசியம் இருந்தால் 3,100 பெக்கரல். பெயர் போடாமல் "மொத்தக் கதிரியக்கம்" என்று மட்டும் ஓர் அறிக்கை வந்து, அதை யாராவது கைப்பேசியில் சுற்றவிட்டால், பாசி எடுத்துப் பிழைக்கிற நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு ஒரே நாளில் ஆட்டம் காணும். நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மொத்தப் பீட்டா, மொத்த ஆல்ஃபா எண்களை மட்டும் தரும் மலிவான சோதனை வேண்டவே வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடும்; பாசியிலிருந்து வந்த பொட்டாசியம்-40 உடம்பில் குவிந்துகொண்டே போகாது.

சி.பி.எம். கருவி ஏன் மீனுக்கு ஆகாது

இது குறித்து ஆசை நிறையப் பேருக்கு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கைகர் குழாய்க்குள் ஒரு கதிர் நுழைந்து வாயுவை அயனியாக்கினால் ஒரு துடிப்பு, ஒரு 'டிக்'. அந்தத் துடிப்புகளின் எண்ணிக்கைதான் சி.பி.எம். வந்தது பலமான கதிரா பலவீனமான கதிரா என்று குழாய்க்குத் தெரியாது. குழாயின் அளவும் சுவரின் தடிமனும் மாறினால் எண்ணும் மாறும். மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் உள்ள இடத்தில் ஒரு சிறிய குழாய் நிமிடத்துக்கு 150 காட்டும், அகன்ற பான்கேக் குழாய் 330-க்கு மேல் காட்டும். ஆகவே தொண்டியில் ஒருவர் 20 என்றும் கீழக்கரையில் ஒருவர் 45 என்றும் சொன்னால், கருவியின் மாடல் தெரியாமல் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்கவே முடியாது.

அப்புறம், எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அது தாவிக்கொண்டே இருக்கும். சராசரி 20 உள்ள இடத்தில் ஒரு நிமிடம் 15 வரும், அடுத்த நிமிடம் 25 வரும். கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை. சிதைவு தற்செயலாக நடப்பதால் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இயல்பு. 25 நிமிடம் தொடர்ந்து எண்ணி 500 சேர்த்தால்தான் இந்தத் தடுமாற்றம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வரும்.

மீனின் மேல் பிடித்தால் என்ன தெரியும்? கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. கிலோவுக்கு 68 பெக்கரல் சீசியம் உள்ள ஒரு கிலோ இறால் பொட்டலத்திலிருந்து நொடிக்கு 68 சிதைவுகள். அதில் சிறு பகுதிதான் குழாய்ப் பக்கம் வரும். வருகிற காமா கதிர்களிலும் நூற்றில் ஒன்றைப்போலத்தான் குழாய் பதிவு செய்யும். சுற்றுப்புறத்தின் இயல்பான டிக்குகளில் அது மூழ்கிப்போகும். பொலோனியத்தின் ஆல்ஃபா மீனின் தோலைத் தாண்டாது. டிரிட்டியத்தின் பீட்டா குழாயின் சுவரைத் தாண்டாது. ஆகவே கருவி அமைதியாக இருந்தால் மீன் சுத்தம் என்று அர்த்தம் ஆகாது. மக்கள் அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் என் பயம். பொய்யான நிம்மதியும் பொய்யான பீதியைப்போலவே கெடுதல்.

பள்ளிக்கு மட்டும் இதை மனதாரப் பரிந்துரைப்பேன். பொட்டாசியம் குளோரைடு பொட்டலத்தையும் வாலிநோக்கம் உப்பையும் அடுத்தடுத்து வைத்து அரை மணி நேரம் எண்ண விட்டால், பொட்டாசியம் பக்கம் எண்ணிக்கை கூடுவதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே வரைபடம் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மணலுக்கு சீவர்ட்

வெளியிலிருந்து உடம்பைத் தாக்கும் காமாவுக்கு நிலைமை வேறு. மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவறா போன்ற இடங்களில் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அங்கே மண்ணில் நிற்கிற மனிதனுக்கு எவ்வளவு என்பதே கேள்வி. அதற்கு மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்பதுதான் சரியான அலகு. நம் கரையிலும் வெள்ளைச் சிப்பி மணலுக்கு நடுவே அங்கங்கே கருமணல் கோடுகளைப் பார்க்கலாம். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இல்மனைட்டும் கார்னெட்டும் நிறைந்து மோனசைட் சிறிதும் இல்லாத மணலும் இருட்டாகத்தான் இருக்கும். அளவுதிருத்தம் செய்த மீட்டரை இடுப்பு உயரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் பல நிமிடங்கள் எடுத்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

அந்த எண்ணைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மைக்ரோவா மில்லியா என்பதில் ஆயிரம் மடங்கு இருக்கிறது. மணிக்கா ஆண்டுக்கா என்பதில் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மடங்கு இருக்கிறது. மீட்டர் மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் காட்டினால், வருடம் முழுக்க அங்கேயே நின்றால் 0.88 மில்லிசீவர்ட். காற்று, உணவு, மண், வானம் எல்லாம் சேர்த்து உலகச் சராசரி இயற்கைக் கதிரளவு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீட்டரின் எண்ணை எங்கே பொருத்துவது என்று புரியும்.

இதே அளவை அரசின் கண்காணிப்பு வலைப்பின்னல் நானோகிரே என்ற அலகில் தரும். கிரே என்பது ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் படிவது, வெறும் இயற்பியல். சீவர்ட் அதன் மேல் இரண்டு எடைகளைச் சேர்க்கிறது. எந்தக் கதிர் என்பதற்கு ஒன்று: காமாவுக்கும் பீட்டாவுக்கும் 1, ஆல்ஃபாவுக்கு 20. எந்த உறுப்பு என்பதற்கு ஒன்று: நுரையீரலுக்கு 0.12, தைராய்டுக்கு 0.04, தோலுக்கு 0.01. ஆகவே சீவர்ட் நேராக அளக்கப்படுவது இல்லை, ஒரு மாதிரி மனிதனுக்காகக் கணிக்கப்படுவது. காற்றில் மணிக்கு 100 நானோகிரே என்றால், பெரியவர் ஒருவருக்கு 0.7-ஆல் பெருக்கி 70 நானோசீவர்ட் என்று எடுத்துக்கொள்வது வழக்கம், ஆண்டுக்கு 0.61 மில்லிசீவர்ட்.

மீட்டர் வாங்கினால் ஆண்டுக்கு ஒருமுறை அளவுதிருத்தத்துக்கு அனுப்பவேண்டும், அதற்கும் பணம் ஒதுக்கவேண்டும். அதைச் செய்ய மாட்டோம் என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது. கருவியின் உச்ச அளவும் தெரிந்திருக்க வேண்டும். 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்தின்போது முதலில் மேலதிகாரிகளுக்குப் போன தகவல் மணிக்கு 3.6 ரோன்ட்கன். கையில் இருந்த கருவிகளால் அதற்கு மேல் காட்ட முடியாது என்பதே அந்த எண்ணின் ரகசியம். ரோன்ட்கன் காற்றில் உண்டாகும் மின்னேற்றத்தை மட்டும் அளக்கும் பழைய அலகு. இன்று வாங்கும் கருவியில் அது இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ரெம் என்று இருந்தால் நூறால் வகுத்தால் சீவர்ட். ராட் என்று இருந்தால் நூறால் வகுத்தால் கிரே.

ஸ்கேன் அறிக்கையில் வேறு கணக்கு

மீனையும் மணலையும் பற்றிக் கவலைப்படுகிற நாம், ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையின் கீழ்ப்பகுதியைப் படிப்பதில்லை. அங்கே அந்த ஸ்கேனின் மொத்தக் கதிரளவைக் குறிக்கும் டி.எல்.பி. என்று ஓர் எண் மில்லிகிரே-சென்டிமீட்டரில் இருக்கும். வயிற்றுப் பகுதிக்கு அதை 0.015-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ மில்லிசீவர்ட் வந்துவிடும், மார்புக்கு 0.014, தலைக்கு 0.0021. வயிற்று ஸ்கேனில் 600 என்றால் 9 மில்லிசீவர்ட். தலை ஸ்கேனில் 1,000 என்றால்கூட 2.1-தான். தலையில் எண் பெரிது, சீவர்ட் சிறிது. மருத்துவர் தேவை என்று சொன்ன ஸ்கேனைத் தள்ளிப்போட இதைச் சொல்லவில்லை; போன மாதம் எடுத்த ஸ்கேனையே இன்னோர் இடத்தில் மறுபடி எடுக்கச் சொல்லும்போது பழைய படத்தை எடுத்துக்காட்டிக் கேட்பதற்காகச் சொல்கிறேன். புற்றுநோய்க்கான கதிர்சிகிச்சையில் 2 கிரே வீதம் 30 தடவை, மொத்தம் 60 கிரே என்று வரும். அதைச் சீவர்ட் வரம்புகளோடு ஒப்பிட்டுப் பதறக் கூடாது. அது கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் கொடுப்பது. தைராய்டு சிகிச்சையில் அயோடின்-131 இன்னமும் மில்லிகியூரியில்தான் எழுதப்படுகிறது. 100 மில்லிகியூரி என்றால் 370 கோடி பெக்கரல்.

ஆய்வகத்துக்கு எழுதும்போது

ஏற்றுமதி உணவுப் பொருள்களுக்குக் கதிரியக்கச் சான்றிதழ் தரும் ஆய்வகம் நவி மும்பை வாஷியில், மத்திய அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனத்திடம் இருக்கிறது. தனியார் ஆய்வகங்களை நாடினால் காமா நிறமாலை அளவீட்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜெர்மானியம் உணர்கருவியில் சீசியம்-137 தனக்கே உரிய 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், பொட்டாசியம்-40 அதன் 1,461-இலும் தனித்தனிச் சிகரங்களாக எழும். பொலோனியத்தை இந்த முறையில் பார்க்க முடியாது; அதை வேதியியல் முறையில் பிரித்து வெள்ளித் தகட்டில் படியவைத்து ஆல்ஃபா அளவீடு செய்யவேண்டும். டிரிட்டியத்துக்கு மூன்றாவது முறை. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் காமா நிறமாலையை எடுப்பேன், ஏனென்றால் மனிதன் கலந்த சீசியத்தை அது நேராகக் காட்டும்.

கடிதத்தில் நாலு விஷயம் கேளுங்கள்: ஒவ்வொரு தனிமத்தின் பெயரோடு கிலோவுக்கு எத்தனை பெக்கரல், கூட்டல் கழித்தல் பிழை எவ்வளவு, எந்த எடை, கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன. கடைசியை விட்டுவிடாதீர்கள். "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் 0.5 பெக்கரலுக்குக் கீழேயா, 50-க்குக் கீழேயா என்று தெரிந்தால்தான் அது ஒரு பதில்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். தடை முடிந்து முதல் வாரத்தில் வரும் மீனிலிருந்து ஒரு தொகுப்பு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒரு தொகுப்பு என்று ஆண்டுக்கு இரண்டு போதும். ஆண்டுதோறும் அதே இடம், அதே வகை மீன் என்று வைத்துக்கொண்டால்தான் எண்களை ஒப்பிட முடியும். முதல் தொகுப்பில் நெத்திலி கட்டாயம் இருக்கட்டும்: தலையும் குடலும் கிள்ளியது ஒரு கிலோ, கிள்ளாதது ஒரு கிலோ. தனித்தனிப் பையில் ஐஸில் வைத்து, எந்தத் துறையில் எந்தத் தேதியில் இறக்கியது என்று பைமேல் எழுதி அனுப்புங்கள்.